பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்

கோரைக்குளத்துக் கரையில் சிலம்பாயி என்று ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். ஆட்காட்டி தெரியுமல்லவா? நீளமான மஞ்சள் கால். கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தோல். யார் வந்தாலும் போனாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஒரு நண்டு நகர்ந்தால்கூட, "யாரது? யாரது?" என்று கேட்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது.

அந்த வருஷம் வைகாசியில் சிலம்பாயி முதல் முதலாக நான்கு முட்டை இட்டாள். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டாந்தரையில் கூழாங்கல்லை ஒதுக்கி, நடுவில் முட்டை. வெயில் ஏறினால் குளத்துக்கு ஓடுவாள். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காருவாள். இல்லாவிட்டால் முட்டை வெந்துபோகும். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த நடை. அவள் முகம் சுளிக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் அவள் தண்ணீருக்குப் போன நேரம். ஒரு கீரிப்பிள்ளை வந்தான். நான்கு முட்டையையும் தின்றுவிட்டான்.

சிலம்பாயியின் ஜோடி பறந்து வந்து பார்த்தான். உடைந்த முட்டையோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"முட்டையைப் பார்த்துக்கன்னு உன்கிட்டதானே சொல்லிட்டுப் போனேன்!"

அவ்வளவுதான். அடுத்த ஏரிக்குப் பறந்து போனவன் திரும்பி வரவேயில்லை. அவன் மட்டும் காலையிலிருந்து எங்கே ஊர் சுற்றிக்கொண்டிருந்தான் என்று கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

குளத்தில் இருந்தவர்கள் கீரிப்பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள். வாயெல்லாம் மஞ்சள் கரு, எங்கே தப்புவான்? அவன் பேர் மிடுக்கன். பேர்தான் மிடுக்கன், ஆள் எலும்பும் தோலுமாக இருந்தான். வளர்ந்தும் வளராத வயசு. தாய் இல்லை. கூட்டாளி இல்லை. கரையோரத்துப் பொந்தில் தனியாகக் கிடந்தான்.

நாவல் மரத்தடியில் சபை கூடியது. குளத்துக்குத் தலைவர் ஒரு கூழைக்கடா. பெரிய அலகு, அதற்குக் கீழே பெரிய பை. பேச ஆரம்பித்தால் அந்தப் பை ஆடிக்கொண்டே இருக்கும்.

"துரத்துங்க அவனை!" என்று தவிட்டுக்குருவிகள் கத்தின. அவை எப்போதும் ஏழெட்டாகத்தான் வரும், ஒன்றாகத்தான் கத்தும். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் துரத்துங்க!"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பொட்டல். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதைத் தாண்டினால் தார்ச்சாலை, லாரி, தெருநாய்கள். அங்கே போனவன் பிழைத்தான் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

தலைவர் இறக்கையை விரித்தார். "அவசரப்படாதீங்க! நான் பெரிய ஏரிக்குப் போயிருந்தேன் இல்லையா? அங்கே ஒரு புதுத் திட்டம் வச்சிருக்காங்க. தப்புப் பண்ற இளசுகளைத் துரத்துறதில்லை. ஆளுக்கு ஒரு தன்னார்வலர்! அவர் அவனைப் பார்த்துக்கணும். அவன் பொதுவேலை ஒண்ணு செய்யணும். மூணே மாசம். பையன் திருந்திடுவான்!"

"தன்னார்வலர்னா என்னங்க?" என்றன தவிட்டுக்குருவிகள்.

"யாரும் சொல்லாம தானா முன்வந்து செய்யறவங்க!"

"அப்போ நீங்க எதுக்குச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயை மூடுங்க! யார் இவனைப் பார்த்துக்கிறீங்க? சீக்கிரம்!"

மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. "எனக்கு ஆட்டம் இருக்கு. மேகம் வேற வருது." முயல், "எனக்கே ஆறு பிள்ளைங்க!" என்றது. மற்றவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள். மிடுக்கன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அத்தனை பேர் நடுவே நின்று, தான் யாருக்கும் வேண்டாதவன் என்பதை ஒவ்வொரு வாயாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வயசில் அது சின்னத் தண்டனையா?

அப்போதுதான் சிலம்பாயி ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் எடுத்துக்கறேன்."

சபை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. முட்டையைப் பறிகொடுத்தவள் ஆயிற்றே! "ஆஹா, என்ன பெரிய மனசு!" என்று முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பெரிய மனசாவது ஒன்றாவது! சிலம்பாயியின் வயிறு எரிந்துகொண்டிருந்தது. 'இன்னொரு தடவை கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும். இந்தப் பயல் ஒழிந்தான்!' என்பதுதான் அவள் கணக்கு.

தலைவர் அலகைத் தரையில் தட்டினார். "மிடுக்கா, கேட்டுக்கோ! குளத்துல ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கு. கரையிலிருந்து அதை இழுத்துப் போடணும். அதுதான் உன் பொதுவேலை. இனி இந்தக் குளத்துல ஒரு முட்டை காணாமப் போச்சுன்னாலும் திட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது. அன்னிக்கே நீ வெளியே! சிலம்பாயி, இவனைப் பார்த்துக்கோ!"

"பார்த்துக்கறேன், தலைவரே! நல்லாவே பார்த்துக்கறேன்!"

மறுநாள் விடிந்ததிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

மிடுக்கன் பொந்தை விட்டுத் தலையை நீட்டுவான். "அதோ எந்திரிச்சுட்டான்!" என்று கத்துவாள். அவன் கரைக்கு வருவான். "அதோ வர்றான்! அதோ வர்றான்!" காதைச் சொறிவான். "என்னமோ யோசிக்கிறான், ஜாக்கிரதை!" ஆகாயத்தாமரையை வேரோடு இழுப்பான். "மெதுவா இழுக்கிறான்! ஏமாத்துறான்!"

ஒரு நாள் ஓர் அணில்குஞ்சு அவன் பக்கத்தில் வந்து, "இந்தப் பூவை எனக்குத் தர்றியா?" என்று கேட்டது. மிடுக்கன் அந்த ஊதாப் பூவைப் பறித்து நீட்டினான். சிலம்பாயி வானம் கிழியக் கத்தினாள். "குழந்தைகிட்ட போறான்! குழந்தைகிட்ட போறான்!" அணிலின் தாய் பாய்ந்து வந்து குஞ்சைக் கவ்விக்கொண்டு மரமேறியது. மிடுக்கன் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் தண்ணீரில் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு குளத்தில் ஒருத்தரும் அவனோடு பேசவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தால் பார்த்தார்கள். தும்மினால் பார்த்தார்கள். பேச ஆளில்லாமல் அவன் வேரில் ஒட்டியிருந்த நத்தையோடு பேசினான். நத்தை ஓட்டுக்குள் போய்விடும். "நீயும் போறியா? சரி, போ" என்பான்.

ஒரு தடவை அவன் சிலம்பாயியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். "உங்களுக்குத் தொண்டை வலிக்காதா?"

"பேச்சுக் கொடுக்காதே! உன்னைப் பார்த்துக்கிட்டிருக்கேன்ல!"

எட்டு நாளைக்கு ஒருமுறை சபை கூடும். சிலம்பாயி ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். எத்தனை மணிக்கு எழுந்தான், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், எத்தனை கொடி இழுத்தான், எத்தனை தடவை பெருமூச்சு விட்டான்! தலைவர் மெச்சிப் போனார். "தன்னார்வலர்னா இப்படி இருக்கணும்! பெரிய ஏரியில்கூட இப்படி ஒருத்தர் கிடையாது!"

இவ்வளவு கூட்டத்தில் புகழப்பட்டவள் சாயங்காலம் எங்கே போவாள்? அந்தக் கூழாங்கற்களுக்கே திரும்பி வருவாள். நடுவில் ஒன்றும் இருக்காது. பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தூரத்தில் அவன் பொந்து தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் குளத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பகை ஒன்றுதான்.

ஆனி பிறந்தது. ஒரு நாள் ஆகாயத்தாமரையை இழுக்கும்போது மிடுக்கன், "ஆ!" என்றான். யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. அவனுடைய முன்னங்காலில் ஏறிவிட்டது. அவன் நொண்டிக்கொண்டே பொந்துக்குப் போனான்.

"நொண்டுறான்! இடது கால்! வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான்!" என்று சிலம்பாயி கத்தினாள்.

மறுநாள் அவன் வெளியே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சபை கூடியது.

"மூணு நாளா ஒரு தப்பும் பண்ணலை, தலைவரே! பொந்தை விட்டு அசையவே இல்லை!"

சபை ஆரவாரம் செய்தது. தவிட்டுக்குருவிகள் குதித்தன. "பார்த்தீங்களா? திட்டம் ஜெயிச்சுடுச்சு!" என்று தலைவர் பையை ஆட்டினார்.

சிலம்பாயி கரைக்குத் திரும்பினாள். பொந்தைப் பார்த்து நின்றாள். வெயில் கொளுத்தியது. கத்துவதற்கு ஒன்றும் இல்லை. பொந்து வாயில் ஈ மொய்த்தது. அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"டேய்!" என்றாள்.

பதில் இல்லை.

"டேய், கீரி! உள்ளே என்னடா பண்றே?"

ஒன்றும் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் அந்தப் பொந்துக்குப் பக்கத்தில் போனாள். தலையை உள்ளே நீட்டினாள். மிடுக்கன் சுருண்டு கிடந்தான். கால் வீங்கிப் பூசணிப் பிஞ்சு மாதிரி ஆகியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"என்னடா ஆச்சு?"

அவன் கண்ணைத் திறந்தான். "கண்ணாடி குத்திடுச்சு. நான் நொண்டினதை நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். இடது கால்."

"அப்புறம் நான் வெளியே வராததை?"

"அதையும் பார்த்தேன். மூணு நாள்."

"பார்த்தீங்கல்ல?" என்றான் மிடுக்கன். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். "பார்த்துட்டு என்ன பண்ணினீங்க?"

 அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது அவள் என்ன செய்தாள்? தூரத்தில் நின்று முறைத்துப் பார்த்தாளா? பக்கத்தில் உட்கார்ந்தாள். நிழல் கொடுத்தாள். இருபது தடவை தண்ணீருக்கு நடந்தாள். அப்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருந்ததே! இவனுக்கும் அதே சொல்லைத்தானே சொன்னார்கள்?

அவள் குளத்துக்கு ஓடினாள். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்தாள். அவன் வாயருகே சொட்டச் சொட்ட நின்றாள். அவன் நாக்கை நீட்டி நக்கிக் குடித்தான். மறுபடி ஓடினாள், மறுபடி வந்தாள். காலில் நீட்டிக்கொண்டிருந்த சில்லை அலகால் பிடுங்கிப் போட்டாள். அவன் கதறிவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் எத்தனை நடை என்று அவளுக்கே தெரியாது. நடுவில் ஒரு தடவை, 'முட்டைக்குச் செய்ததை முட்டை தின்றவனுக்குச் செய்கிறேனே!' என்று நினைப்பு வந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கேட்டாள்.

"என் முட்டை ருசியா இருந்துச்சாடா?"

மிடுக்கன் முகத்தை மண் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தெரியலைக்கா. அம்மா லாரியில அடிபட்டுச் செத்துப் போச்சு. எனக்கு வேட்டையாடத் தெரியாது. நாலு நாள் பட்டினி. அப்படியே முழுங்கிட்டேன். ருசி தெரியலை."

ரெண்டு பேரும் அழுதார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். முட்டை திரும்பி வரவில்லை. அவன் தாயும் வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பொந்துக்கு வெளியே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது. உள்ளே ஒருத்தன் மூச்சு விடுகிறான் என்று அவளுக்கும் தெரிந்தது.

எட்டாம் நாள் அவன் எழுந்து நடந்தான். சிலம்பாயி கத்தவில்லை. அவன் கூடவே நடந்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்த விதமே வேறு. மிடுக்கன் ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரையில் போடுவான். வேரில் புழுவும் பூச்சியும் நெளியும். சிலம்பாயி பொறுக்கித் தின்பாள். நண்டு கிடைத்தால் அவன் பக்கம் தள்ளிவிடுவாள். சேற்றில் சில்லு மினுங்கினால், "அங்கே காலை வைக்காதே!" என்பாள். முதுகோடு முதுகு ஒட்டி நின்றுதான் வேலை. சில நாள் ஒரு பேச்சும் இருக்காது. சில நாள் இருட்டுகிற வரைக்கும் பேச்சு ஓயாது.

"அக்கா, நத்தைக்குப் பல் இருக்கா?"

"எனக்கே பல் இல்லை. என்கிட்ட வந்து கேக்குறியே!"

மிடுக்கன் சிரித்தான். அவனுக்குச் சிரிக்க வரும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

குளத்துக்கு இது பிடிக்கவில்லை. "சிலம்பாயி ஏன் கத்துறதே இல்லை?" என்றன தவிட்டுக்குருவிகள். "சபையில ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாளே!" தலைவர் கூப்பிட்டுக் கேட்டார். "என்னம்மா, கடமையில அசட்டையா?" சிலம்பாயி, "பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், தலைவரே" என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆடி வந்தது. காற்று பேயாட்டம் ஆடியது. கோரைப் புல்லெல்லாம் தலைகீழாகப் படுத்து எழுந்தது. அந்தக் கோரைக்கு நடுவே நீர்க்கோழி தண்ணீர்மேல் கூடு கட்டி ஐந்து முட்டை இட்டிருந்தது. காற்றுக்குப் பயந்து அது கரைப் புதரில் ஒதுங்கியது. காற்று நின்றதும் போய்ப் பார்த்தது. கூடு இருந்தது. முட்டை ஒன்றுகூட இல்லை.

"ஐயோ! என் முட்டை! என் முட்டை!"

யாரும் யோசிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நேரே மிடுக்கனிடம் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நாவல் மரத்தடியில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

"நான் எடுக்கலை!" என்றான் மிடுக்கன்.

"எடுத்தவன் எடுத்தேன்னு சொல்லுவானா?" என்றன தவிட்டுக்குருவிகள்.

தலைவர் இறக்கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினார். "நியாயமா விசாரிப்போம். இவனுக்குத் தன்னார்வலர் இருக்கா. அவ பார்த்திருப்பா. சிலம்பாயி! காத்து அடிச்ச நேரம் இவன் எங்கே இருந்தான்?"

"என்கூட இருந்தான், தலைவரே. துறைக்குப் பக்கத்துல."

"கண்ணை எடுக்காம இவனைப் பார்த்தியா?"

சிலம்பாயி மிடுக்கனைத் திரும்பிப் பார்த்தாள். 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தப்பித்துவிடுவான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை, தலைவரே. காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னோம். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மண் கண்ணுல விழுந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். ஆனா அவன் வால் என் கால்மேல இருந்துச்சு. அது நகரவே இல்லை."

"வால் கதையெல்லாம் வேண்டாம்! பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்க்கலை. பார்த்துக்கிட்டேன்."

"பேச்சுல விளையாடாதே!" என்று தலைவர் சீறினார். "பார்க்கத்தானே உன்னை வச்சோம்! பார்க்காத ஆளுக்குச் சாட்சி சொல்ல என்ன இருக்கு?"

தவிட்டுக்குருவிகள் விழுந்து விழுந்து சிரித்தன. தீர்ப்பு அதற்குமேல் நேரம் எடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மிடுக்கன் வாய்க்காலைத் தாண்டிவிட வேண்டும்.

அவன் நேரே வாய்க்காலைப் பார்த்து நடந்தான். பொந்துப் பக்கம்கூடப் போகவில்லை. எடுத்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? வாய்க்கால் மேட்டில் ஏறியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சிலம்பாயி வந்துகொண்டிருந்தாள்.

கரையில் நின்ற முயல், "உன்னை யாரும் போகச் சொல்லலையே, சிலம்பாயி!" என்று கத்தியது.

"இவனைப் பார்த்துக்கச் சொன்னீங்கல்ல? மூணு மாசம் இன்னும் முடியலை."

"றெக்கை வச்சிருக்கிற நீ எதுக்கு நடக்குறே?"

"அவனுக்கு இல்லையே!"

வாய்க்காலைத் தாண்டினார்கள். பொட்டலில் கொஞ்ச தூரம் போனதும் மிடுக்கன் கேட்டான். "அக்கா, பார்த்தேன்னு பொய் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தியேடா. உன் முன்னாடி எப்படிப் பொய் சொல்றது?" என்றாள் சிலம்பாயி.

அவன் அவளை ஒட்டி நடந்தான்.

குளத்தில் திட்டம் அன்றோடு முடிந்தது. "இளசுகளுக்கு இடம் கொடுத்தா இப்படித்தான்!" என்றார் தலைவர். பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள். இன்னும் கொஞ்சம் வேகமாகவே திரும்பினார்கள். மீன் திருடிய காக்கைக் குஞ்சை ஆவணியில் துரத்தினார்கள். அது சரியாகப் பறக்கக்கூடப் பழகவில்லை. மயிலின் தோகையைப் பிடித்து இழுத்த குரங்குக்குட்டி ஒன்று. அதையும் துரத்தினார்கள். குளம் அமைதியாகிவிட்டது. யார் வந்தாலும் போனாலும் கத்த ஆளில்லை. ஒரு பருந்து வந்து முயல்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

புரட்டாசியில் வெயில் சுட்டெரித்தது. குளம் வற்றியது. கோரைக்கு நடுவே தண்ணீர் சுருங்கிச் சேறு தெரிந்தது. நீர்க்கோழி இரை தேடி அந்தப் பக்கம் போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது. பழைய கூட்டுக்கு நேர் கீழே, சேற்றில் பாதி புதைந்து, ஐந்து முட்டை கிடந்தது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

காற்று கூட்டைச் சாய்த்திருக்கிறது. முட்டை உருண்டு தண்ணீரில் விழுந்திருக்கிறது. யாரும் தின்னவில்லை. யாரும் தொடவே இல்லை.

எல்லாரும் வந்து பார்த்தார்கள்.  தவிட்டுக்குருவிகள்கூடச் சத்தம் போடவில்லை. மறுநாள் காலை தலைவர் தானே கிளம்பினார். வாய்க்காலைத் தாண்டி, பொட்டலைத் தாண்டி, தார்ச்சாலை வரைக்கும் பறந்தார். செத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனார்.

சாலையோரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன சிமெண்ட் குழாய் ஒன்று கிடந்தது. அதன் நிழலில் மிடுக்கன் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தக் காக்கைக் குஞ்சு புழு பொறுக்கியது. குரங்குக்குட்டி அவன் வாலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. குழாய் மேல் சிலம்பாயி நின்றாள். "வண்டி வருது! உள்ளே வாங்க! உள்ளே வாங்க!" என்று அவள் கத்த, எல்லாரும் குழாய்க்குள் புகுந்தார்கள். லாரி கடந்து போனது. புழுதி அடங்கியதும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

தலைவர் இறங்கினார். காக்கைக் குஞ்சு பயந்து மிடுக்கனின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டது.

"மிடுக்கா," என்றார் தலைவர். பை ஆடவில்லை. "முட்டை சேத்துல கிடந்துச்சு. நீ எடுக்கலை. நாங்கதான் தப்புப் பண்ணிட்டோம். வந்துடு. சிலம்பாயி, நீயும் வாம்மா. உன் சத்தம் இல்லாம குளம் குளமாவே இல்லை."

மிடுக்கன் சிலம்பாயியைப் பார்த்தான்.  அவன் வாய்க்கால் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். குளத்துத் தண்ணீர் இங்கிருந்து தெரியாது. நாவல் மரத்தின் உச்சி மட்டும் தெரியும்.

"வரணும்னு ஆசையாத்தான் இருக்குங்க," என்றான். "இங்கே தண்ணிக்கே ரெண்டு மைல் போகணும். அக்காதான் வயித்துல நனைச்சுக்கிட்டு வர்றாங்க. ஆனா நாங்க வந்துட்டா இவங்க?"

"இவங்களையும் கூட்டிக்கிட்டு வா!"

"சரிங்க. இதுக்கு அப்புறம் நீங்க துரத்துறவன்?"

தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"இனிமே துரத்த மாட்டோம்னு சொல்லுவீங்க. போன தடவை திட்டம் கொண்டு வந்தப்பவும் இதேதான் சொன்னீங்க. என்னிக்காவது ஒரு நாள் கோபம் வரும். இன்னொருத்தனைத் துரத்துவீங்க. அவன் வாய்க்காலைத் தாண்டி, இந்த வெயில்ல, அழுதுக்கிட்டே வந்து நிப்பான். நான் வந்தப்ப எனக்கு அக்கா இருந்தாங்க. அவன் வரும்போது இங்கே யாராவது இருக்க வேண்டாமா?"

தலைவர் குழாயைப் பார்த்தார், காக்கைக் குஞ்சைப் பார்த்தார்.  பிறகு குளத்தைப் பார்த்துத் தனியாகப் பறந்து போனார்.

தவறிய பிள்ளையைத் தூர நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் திருந்த மாட்டான். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களால்தான் அவன் திருந்துவான்.